பட்டுப் பாதையின் தண்ணீர்க் கணக்கு

உஸ்பெகிஸ்தானுக்குப் போகிறவர்கள் நீல ஓடு பதித்த குவிமாடங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். நானும் பார்த்தேன், கண் நிறைந்தது. ஆனால் ராமநாதபுரத்து ஊருணிகளோடும் குடிநீர்க் குழாய்களோடும் பணிக்காலத்தைக் கழித்த பொறியாளர் நான். என் கண் முதலில் தண்ணீரைத்தான் தேடும். சமர்கண்ட், புகாரா இரண்டும் ஸரஃப்ஷான் ஆற்றை நம்பி எழுந்த ஊர்கள். கிவா, அமு தரியாவை நம்பி எழுந்தது. புகாராவுக்கும் கிவாவுக்கும் நடுவே கிஸில்கும் பாலைவனம். பட்டும் காகிதமும் குதிரைகளும் அடிமைகளும் இந்த வழியாகப் போனதை எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்த வழி எங்கே திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது தண்ணீர். அந்தக் கணக்கைப் படிக்கத்தான் தாஷ்கண்டில் ரயிலேறி மேற்கு நோக்கிப் போனேன்.

சமர்கண்டில் எல்லோரும் ரெகிஸ்தான் சதுக்கத்துக்குப் போவார்கள். அதற்கு வடக்கே, புல் முளைத்த மண்மேடாகக் கிடக்கும் அஃப்ராசியாபுக்கும் போக வேண்டும். பழைய சமர்கண்ட் அதுதான். மேட்டு நிலத்து ஊருக்கு ஆற்று நீரை ஏற்றுவது எந்தக் காலத்திலும் சவால். ஈயத் தகடு பதித்த வாய்க்கால் ஒன்றை உயர்த்திக் கட்டி நகருக்குள் நீர் கொண்டுவந்ததைப் பத்தாம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1220இல் செங்கிஸ் கானின் படை நகரைப் பிடித்தபோது அந்த வாய்க்காலும் அழிந்தது. இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம், நீர் ஏறாத மேட்டில் குடியிருக்க முடியாது. மக்கள் தெற்கே இறங்கிப் புது ஊர் அமைத்தார்கள். தைமூரும் அவர் பேரன் உலுக் பெக்கும் அழகு பார்த்த சமர்கண்ட், அந்தப் புது ஊர்.

சமர்கண்டிலிருந்து புகாராவுக்கு ரயிலில் போகாமல் வாடகைக் கார் எடுத்தேன். காரணம் ரபாதி மாலிக். நவோயி நகருக்கு அருகே, லாரிகள் விரையும் நெடுஞ்சாலையின் ஒரு பக்கம், காரகானிய அரசர் ஷம்ஸ் அல் முல்க் 11ஆம் நூற்றாண்டில் கட்டிய சத்திரத்தின் வாசல் மட்டும் தனியாக நிற்கிறது. சாலையின் மறுபக்கம் தரையோடு தரையாக ஒரு செங்கல் குவிமாடம். அதற்குப் பெயர் சர்தோபா. குவிமாடம் போட்ட நீர்த்தொட்டி.

வாசலில் குனிந்து உள்ளே போனதும் வெயில் சட்டென்று விட்டது. நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஸரஃப்ஷானிலிருந்து வாய்க்கால் வெட்டி இந்தத் தொட்டியை நிரப்பியிருக்கிறார்கள். வட்டமான தொட்டி நிலத்துக்குள் இறங்கியிருப்பதால் நீர் சூடேறாது. மேலே மூடிய குவிமாடம் மணற்காற்றைத் தடுக்கும், நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்கும். குவிமாடத்தில் விட்ட திறப்புகள் வழியே காற்று புழங்குவதால் உள்ளே புழுக்கம் தங்காது. எந்தத் திசையிலும் சாய்வில்லாமல் எடை சமமாக இறங்கும்படி செங்கல்லை வளையம் வளையமாக அடுக்கியிருக்கிறார்கள். கொத்தனார் கை தேர்ந்த கை.

சரக்கேற்றிய ஒட்டகம் ஒரு நாளில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடக்கும். அந்த நடைக்குள் நீர் கிடைத்தால்தான் வழி, கிடைக்காவிட்டால் அது வழியே இல்லை. அரசர் கட்டிய சத்திரத்தைச் சரித்திரம் பெயரோடு நினைவில் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் அந்த வாய்க்காலைத் தூர்வாரியவர்கள் பெயர் எதிலும் இல்லை. வணிகம் நடந்தது அவர்கள் தயவில் என்று உறுதியாகச் சொல்வேன்.

புகாராவில் இதே கணக்கின் இருண்ட பக்கம் இருக்கிறது. ஊரின் நடுவே லபி ஹவுஸ் என்ற குளம். 1620இல் வெட்டியது. நான்கு பக்கமும் கல் படிகள், கரையில் முதிர்ந்த முசுக்கொட்டை மரங்கள், மாலையானால் தேநீர்க் கோப்பைகளின் சத்தம். இதுபோல ஏராளமான குளங்கள் அன்றைய புகாராவில் இருந்தன. ஷாருத் வாய்க்கால் அவற்றை நிரப்பியது. தோல் பை சுமந்த தண்ணீர்க்காரர்கள் படியிறங்கி மொண்டு வீடுவீடாக ஊற்றினார்கள். அதே படியில்தான் மக்கள் கால் கழுவினார்கள்.

1558இல் புகாராவுக்கு வந்த ஆங்கில வணிகர் ஆண்டனி ஜென்கின்சன், இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்களின் காலில் நீளமான புழு வளர்வதையும், வைத்தியர்கள் அதை நாளுக்குக் கொஞ்சமாகச் சுற்றி வெளியே எடுப்பதையும் பதிவு செய்திருக்கிறார். புகாராக்காரர்கள் அதை ரிஷ்தா என்றார்கள். நம் ஊரில் நரம்புச்சிலந்தி. எங்கள் துறையில் மூத்தவர்கள் படிக்கிணறுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த நோய் பேச்சில் வரும். புண்ணுள்ள கால் நீரில் பட்டால் புழு குஞ்சுகளை விடும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி அவற்றை விழுங்கும், அந்த நீரைக் குடிப்பவருக்கு அடுத்த ஆண்டு நோய். இந்தியாவில் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில் பதிவானார்.

புகாரா அந்த வேலையை வெகு முன்னதாகவே முடித்தது. 1920களில் லியோனிட் இசாயெவ் என்ற மருத்துவர் நோயாளிகளைத் தேடித்தேடிக் கண்டுபிடித்து, குளங்களை வற்றவைத்து, 1931 வாக்கில் நோயை ஒழித்தார். ஊரின் பழைய கோட்டைக்கு எதிரே விளாதிமீர் ஷுஹோவ் வடிவமைத்த எஃகுப் பின்னல் கோபுரம் நிற்கிறது. ஊருக்குக் குழாயில் நீர் கொடுக்க 1920களின் இறுதியில் எழுப்பிய மேல்நிலைத் தொட்டியின் கோபுரம் அது. நேரான கம்பிகளையே சாய்த்துப் பின்னி வளைவு வரவழைத்திருக்கிறார். சுற்றுலாக்காரர்கள் அதன்மேல் ஏறிக் கோட்டையைப் படமெடுக்கிறார்கள். புகாராவில் நான் கையெடுத்துக் கும்பிட்ட கட்டடம் அதுதான்.

அடுத்து கிஸில்கும். மணல் சாலையின் மேலேயே ஊர்ந்து போகிறது, பல மணி நேரம் ஒரு மரம் கிடையாது. கிவாவின் மண் மதிலைக் கண்டபோது, சத்திர வாசலைக் கண்ட ஒட்டகக்காரனின் நிம்மதி புரிந்தது. கிவா தலைநகரானதும் தண்ணீரால்தான். பழைய தலைநகரான ஊர்கெஞ்சை விட்டு அமு தரியா 16ஆம் நூற்றாண்டில் தடம் மாறிப் போனது. அரசும் பின்னாலேயே கிவாவுக்கு நகர்ந்தது.

அங்கிருந்து வடக்கே நூக்குஸ் வழியாக மொய்னாக் போனேன். ஒரு காலத்தில் ஏரல் கடலின் துறைமுகமாக இருந்த ஊர் அது. 1960இல் உலகின் நான்காவது பெரிய ஏரி ஏரல், 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. பருத்திக்காக சோவியத் அரசு அமு தரியாவையும் சிர் தரியாவையும் வயல்களுக்குத் திருப்பியதில் கடல் வற்றிப் போனது. மீன்பிடிப் படகுகள் மணலில் துருப்பிடித்து நிற்கின்றன. ஊர் அருங்காட்சியகத்தில் மீன் அடைத்த தகர டப்பாக்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். கடல் விலகிய பிறகும் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க, தொலைதூரக் கடல்களிலிருந்து ரயிலில் மீன் வரவழைத்து ஊரின் மீன் டப்பா ஆலையை ஓட்டினார்கள். டப்பாவின் மேல் மீன் படம் பளிச்சென்று இருக்கிறது. எனக்கு அடிவயிறு கலங்கியது.

மொய்னாக் அமு தரியாவின் கடைமடை. தலைமடையில் மதகு திறப்பவருக்குக் கடைமடைக்காரரின் முகம் தெரியாது. 1992இல் அல்மாட்டியில் மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகள் ஆற்று நீர் குறித்து ஒப்பந்தம் செய்தபோது, அதே ஆற்றின் கரையிலுள்ள ஆப்கானிஸ்தான் அதில் இல்லை. இப்போது ஆப்கானிஸ்தான் அமு தரியாவிலிருந்து 285 கிலோமீட்டர் நீளத்துக்கு கோஷ் தெபா கால்வாயை வெட்டி வருகிறது. அந்நாட்டு விவசாயிக்கும் தண்ணீர் உரிமை உண்டு. ஆனால் அந்தப் பங்கீட்டுப் பேச்சில் முதல் நாற்காலியை மொய்னாக் மக்களுக்குப் போட வேண்டும். பங்கீடு தவறினால் எது மிஞ்சும் என்பதை வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள்தான்.