காய்ச்சலைப் பிரித்தறிந்த வரலாறு

நோய்க்கு மருந்து தேடுவதினும் கடினம், நோய் இன்னதென அறிவது. ஹிஜ்ரி 313இல் (கி.பி. 925) மறைந்த மருத்துவ மேதை அர்-ராஸியின் பெருமைகளுள் ஒன்று, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறு பிரித்து விளக்கத் தனி நூல் யாத்தது. ஒன்றெனத் தோன்றுவதை இரண்டெனக் காண்பதும், இரண்டெனத் தோன்றுவதை ஒன்றெனக் காண்பதும் மருத்துவருக்குரிய நுண்ணறிவு. சென்ற நூற்றாண்டில் மலாயாவில் ஒரு காய்ச்சலின் வரலாற்றிலேயே இவ்விரண்டும் நிகழ்ந்தன. தமிழர் பலர் கடை நடத்தியும் தோட்டங்களில் உழைத்தும் வாழ்ந்த மண் அது.

அக்காய்ச்சலின் பெயர் டைபஸ். டைபாய்டு வேறு, டைபஸ் வேறு. பேன், தெள்ளுப்பூச்சி, உண்ணி போன்ற சிற்றுயிர்களால் மனிதனுக்கு வரும் காய்ச்சல்கள் ஒரு குடும்பமாக எண்ணப்படுகின்றன. அவற்றின் கிருமிகளுக்கு ரிக்கெட்ஸியா என்று பெயர். அவற்றை ஆராய்ந்து, 1910இல் மெக்ஸிகோவில் டைபஸ் கண்டே உயிர்நீத்த ரிக்கெட்ஸ் என்னும் அறிஞரின் நினைவாக இட்ட பெயர் அது. இக்கிருமிகள் உயிரணுக்களின் உள்ளேயே வளர்வன. ஏனைய பாக்டீரியாக்களைப் போல ஆய்வுக்கூடத் தட்டில் வளர்வதில்லை. ஆகவே இவற்றை நேரே காண்பது அரிதாயிற்று.

இந்நிலையில், வைல், பெலிக்ஸ் என்னும் இருவர் 1916இல் ஒரு வழியை வெளியிட்டனர். டைபஸ் நோயாளியின் சிறுநீரில் கிடைத்த புரோட்டியஸ் என்ற பாக்டீரியாவை, அந்நோயுற்றோரின் இரத்த நீருடன் கலந்தால் அது திரண்டு கட்டுகிறது. புரோட்டியஸ் நோயின் காரணமன்று. ஆயினும் காரணமான கிருமியின் சாயல் அதற்கு உண்டு. அதனால் அது சாட்சியாகப் பயன்பட்டது.

1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வு நிலையத்தில் பிளெட்சர், லெஸ்லர் ஆகியோர் இச்சோதனையை மேற்கொண்டனர். அவர்களிடம் இருந்த புரோட்டியஸ் வளர்ப்புகள் இரண்டு. ஒன்று வார்சாவிலிருந்து வந்த வகை. மற்றொன்று கிங்ஸ்பரி என்பார் இங்கிலாந்திலிருந்து கொணர்ந்தது. நகர நோயாளிகளின் இரத்த நீர் வார்சா வகையைத் திரட்டியது. தோட்டங்களிலும் புதர்க்காடுகளிலும் உழைத்தோரின் இரத்த நீரோ கிங்ஸ்பரி வகையையே திரட்டியது. ஒன்றென எண்ணிய காய்ச்சல் இரண்டாயிற்று. நகரத்துக் காய்ச்சல் ‘கடை டைபஸ்’ எனப் பெயர் பெற்றது. அது எலியின் தெள்ளுப்பூச்சியால் வருவது. மற்றது ‘ஸ்கிரப் டைபஸ்’, அதாவது புதர்க்காட்டு டைபஸ்; கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது. இரண்டாம் சோதனையின் பெயரில் உள்ள ‘கே’ என்னும் எழுத்து இன்றும் கிங்ஸ்பரியைக் குறிக்கின்றது.

எனினும் ஒரு மயக்கம் எஞ்சியது. சில நோயாளிகளின் உடலில், கடித்த இடத்தில், சிகரெட் சுட்டாற்போன்ற கறுத்த பொருக்கு காணப்பட்டது. அது ஜப்பானிய ஆற்றுக் காய்ச்சலின் அடையாளம் என்றும், பொருக்கில்லாதது வேறு நோயென்றும் கருதினர். 1930களில் லூத்வைட், சவூர் என்னும் ஆய்வாளர்கள் விலங்குகளில் சோதித்து இரண்டும் ஒரே நோய் என நிறுவினர். பொருக்கு இருந்தால் அது வலுவான சான்று. இல்லையென்பதால் நோய் இல்லையென்று ஆகிவிடாது.

1948இல் ஸ்மாடெல் குழுவினர் அதே கோலாலம்பூரில் குளோரம்பெனிகால் மருந்தை இந்நோய்க்குக் கொடுத்துப் பார்த்தனர். டைபஸ் என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டோருள் சிலருக்கு இருந்தது டைபாய்டு என்பது பின்னர் தெரிந்தது. அவர்களும் தேறினர்! டைபாய்டுக்கு முதன்முதலில் பயனுள்ள மருந்து கிடைத்தது இவ்வாறுதான். இரு காய்ச்சல்களும் தேர்ந்த மருத்துவரையே மயக்கும் அளவுக்கு ஒத்திருந்தமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இது பழங்கதையன்று. வேலூர் வட்டாரம் உள்ளிட்ட தமிழகப் பகுதிகளில் மழைக்குப் பின்னும் குளிர் மாதங்களிலும் இக்காய்ச்சல் மிகுகின்றது. டாக்ஸிசைக்ளின் என்னும் விலை மலிந்த மருந்து இதனைத் தணிக்க வல்லது. கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் தருவர். பெனிசிலின் இன மருந்துகளால் இதற்குப் பயனில்லை. காலம் தாழ்ந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் மூளையும் பழுதுற்று உயிர் போவதும் உண்டு. வைல்-பெலிக்ஸ் சோதனை பலரைத் தவறவிடுவதால், எதிர்ப்பொருளைக் காணும் எலைஸா முறையும், கிருமியின் மரபுப்பொருளைக் காணும் பி.சி.ஆர். முறையும் இன்று சிறந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. ஆயினும் முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு தோன்றாது. அப்போது ‘இல்லை’ என வரும் முடிவை இறுதியென நம்புதல் ஆகாது.

ஆதலின் மருத்துவரின் கண்ணே முதற் கருவி. ஆனால் பொருக்கு இருப்பதோ பெரும்பாலும் அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்புறம் முதலிய மறைவிடங்களில். அது வலிப்பதில்லை, நோயாளியே அறியார். நம் இல்லத்துப் பெண்மணிகள் நாணத்தால் உடலைக் காட்டத் தயங்குகின்றனர். அவ்ரத்தைப் பேணுதல் கடமைதான். ஆயினும் நோயறிவதற்குத் தேவையான அளவு மருத்துவர்முன் வெளிப்படுத்தலாம் என்பது ஃபிக்ஹு அறிஞர்களின் தெளிவான தீர்ப்பு. பெண் மருத்துவர் கிடைத்தால் மிக நன்று. கிடைக்காதபோது தயங்கி உயிரை இழப்பதை ஷரீஅத் கேட்கவில்லை.

ஐந்து நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடிப்பின், நோயாளி வயலுக்கோ புதர்ப் பக்கமோ சென்றதுண்டா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தாயோ சகோதரியோ உடலை ஒருமுறை நன்கு பார்க்கட்டும். அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்துப் பிரித்தறிந்த உண்மை, அந்தச் சிறு பொருக்கின் வடிவில் நம் வீட்டிலேயே காணக் கிடைக்கலாம்.