குழந்தையைப் பாத்துக்க ஆள் தேடறீங்களா? பனியன் கம்பெனி கணக்கையும் கொஞ்சம் பாருங்க!

பிரசவ விடுப்பு 26 வாரம். கேட்கும்போது நிறைய மாதிரிதான் இருக்கும். டெலிவரிக்கு முன்னாடியே நாலைந்து வாரம் எடுத்திருந்தால், பாப்பா குப்புற விழ ஆரம்பிக்கிற நேரத்திலேயே ‘எப்ப ஜாயின் பண்றீங்க?’ என்று ஆபீஸ் மெசேஜ் வந்துவிடும். அன்றைக்கு ராத்திரிதான் வீட்டில் அந்தப் பேச்சு ஆரம்பிக்கும். பிள்ளையை யார் பார்த்துக்கிறது?

அவிநாசிப் பக்கம் இதற்கு ரொம்ப நாளாக ஒரே பதில்தான் இருந்தது: ‘அம்முச்சி வீட்ல விட்ரலாம்.’ ஆனால், இன்றைக்கு அம்முச்சிக்கே வயசு 50-தான் ஆகியிருக்கும். அவரே காலையில் டிபன் பாக்ஸோடு கம்பெனி வேனுக்கு நிற்கலாம். இல்லை, வீட்டில் ரெண்டு மாடு, பால் சொசைட்டி என்று ஓடிக்கொண்டிருப்பார். அதனால்தான் ‘நம்பிக்கையான ஒரு ஆள் கிடைச்சா சொல்லுங்க’ என்ற மெசேஜ் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். கொங்கு வீடுகள் பலவற்றில் ‘ஆயா’ என்றால் பாட்டி. சம்பளத்துக்குப் பிள்ளை பார்க்கிறவரைக் குறிக்கிற ஆயாவோ, ‘அய்யா’ என்ற போர்ச்சுக்கீசியச் சொல்லில் இருந்து வந்தது. ரெண்டும் ஒரே சத்தமாக இருப்பதால் வருகிற குழப்பம் பேச்சோடு நின்றுவிடுவதில்லை. ‘எங்க வீட்ல ஒருத்தர் மாதிரி’ என்று சொல்லியே சம்பளத்தையும் லீவையும் பேசாமல் விட்டுவிடுகிறோம். பாதிப் பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

ஏன் ஆள் நிக்க மாட்டேங்கறாங்க?

‘வந்தாங்க, ரெண்டு மாசம் இருந்தாங்க, போயிட்டாங்க.’ இந்தப் புலம்பலைக் கேட்காத வீடு இங்கே குறைவு. சென்னையில் ஒரு ஆயாவுக்கு மாற்று வேலை என்றால் பெரும்பாலும் இன்னொரு வீடுதான். இங்கே அப்படியில்லை. திருப்பூர் கூப்பிடு தூரம். பெருமாநல்லூர் பக்கம் போனால் ஆடைப் பூங்காவே இருக்கிறது. தையல் தெரியாவிட்டாலும் செக்கிங், பிசிர் வெட்டுவது, பேக்கிங் என்று ஏதாவது ஒரு வேலை கிடைக்கும். சனிக்கிழமையானால் சம்பளம் கையில். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் அதற்கும் காசு. ஞாயிறு லீவு. கூடப் பேச நாலு பேர்.

உங்கள் வீட்டு வேலையை இதோடு வைத்துப் பாருங்கள். நாள் முழுக்கத் தனியாக, அழுகிற ஒரு குழந்தையோடு, நாலு சுவருக்குள். மாசத்துக்கு ஒரு தடவை சம்பளம். ‘சும்மா வீட்ல உக்காந்து பாத்துக்கறதுதானே’ என்ற பேச்சு வேறு. எந்தப் பக்கம் போவார்?

அதனால் சம்பளத்தை முடிவு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பனியன் கம்பெனியில் ஹெல்ப்பருக்கு ஒரு ஷிப்ட்டுக்கு இன்றைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தெரிந்தவரிடம் கேளுங்கள். அதை மணிக்கு எவ்வளவு என்று பிரித்து, உங்கள் வீட்டில் அவர் இருக்கப்போகிற மணி நேரத்தால் பெருக்கிப் பாருங்கள். நீங்கள் 9 மணி நேரம் வேலை பார்த்து, போக வர ஒரு மணி நேரம் ஆனால், அவருக்கு அது 10 மணி நேர வேலை. அதாவது ஒரு ஷிப்ட்டுக்கும் மேல். வருகிற தொகையைவிடக் குறைவாகச் சொன்னால், ‘சரிங்க’ என்று சேர்ந்துகொள்வார். தேர் முடிந்து, நோம்பி முடிந்து, ஒருநாள் வரமாட்டார். வீட்டு வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் என்று ஒன்றும் இருக்கிறது. அதற்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். ஆனால் இந்த ஊரில் உங்களோடு போட்டி போடுவது கம்பெனி கேட்தான்.

‘அவ்ளோ கொடுத்தா என் சம்பளத்துல என்ன மிஞ்சும்?’ நியாயமான கேள்வி. ஆனால் அதை ஏன் அம்மாவின் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறோம்? ரெண்டு பேர் சம்பளத்தையும் கூட்டி, அதில் கழித்துப் பாருங்கள். அப்போதும் கட்டவில்லை என்றால் அடுத்த வழிக்குப் போகலாம்.

ஆபீஸிலேயே கேட்டீங்களா?

பலர் தாண்டிப் போகிற இடம் இது. மகப்பேறு பயன் சட்டத்தில் 2017-ல் வந்த திருத்தப்படி, 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். 50 என்பது ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான். அம்மா ஒரு நாளில் நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவர அனுமதியும் உண்டு. 2020-ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50-தான். தொழிற்சாலைகளுக்கு இது இன்னும் பழைய விதி. 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பக அறை வேண்டும் என்றது.

பேப்பரில் காப்பகம், நேரில் உடைந்த பொம்மையும் பூட்டின கதவும் என்கிற இடங்களும் இருக்கின்றன. அதனால் விடுப்பு முடிகிற வாரத்தில் போய்க் கேட்காதீர்கள். விடுப்புக்குப் போகும்போதே எச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள். எழுத்தில் கேட்டதற்குத்தான் எழுத்தில் பதில் வரும்.

ஆளைப் பார்க்கும்போது

ஏஜென்சி மூலமாகவும் வருவார்கள். ஆனால் இங்கே இன்னமும் நன்றாக வேலை செய்வது பழைய முறைதான்: பால்காரர், மளிகைக் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர். ஏஜென்சி என்றால் கமிஷன் யாரிடம், எவ்வளவு, ஆள் போய்விட்டால் மாற்று ஆள் உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆயாவின் சம்பளத்தில் மாசாமாசம் கழிக்கிற ஏஜென்சியைத் தவிர்ப்பது நல்லது.

பேசும்போது ‘குழந்தைங்களைப் பிடிக்குமா?’ என்று கேட்டால் எல்லோரும் ‘பிடிக்கும்’ என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதிலாக நடப்பதைக் கேளுங்கள்.

‘ஏனுங்க்கா, பாப்பா அரை மணி நேரமா அழுதுட்டே இருக்கா. எனக்கு போன் போகல. என்ன பண்ணுவீங்க?’

‘பசியான்னு பாப்பேனுங் அம்மிணி. துணி ஈரமான்னு பாப்பேன். சூடு இருக்கான்னு தொட்டுப் பாப்பேன். அப்பறம் தோள்ல போட்டு வெளிய வேப்பமரம் வரைக்கும் நடந்தா நின்னுக்கும்.’

இப்படி ஒரு பதில் வந்தால், நாலு பிள்ளை பார்த்த கை என்று தெரிந்துவிடும். ‘மிரட்டினா அடங்கிரும்’ என்று வந்தால் அதுவும் தெளிவான பதில்தான். இதற்கு முன் வேலை பார்த்த வீட்டில் ஒருவரிடமாவது போனில் பேசுங்கள். ‘நல்லவங்களா?’ என்பதைவிட, ‘ஏன் நின்னாங்க?’ என்ற கேள்வியில்தான் விஷயம் வரும்.

ஆதார் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரிஜினலை வாங்கி வைக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே வீட்டு வேலையாட்களுக்கான சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதை அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சந்தேகப்படுகிற மாதிரி இருக்குமே என்று தயங்க வேண்டாம். ‘எல்லா வேலைக்கும் இருக்கிறதுதானுங்க்கா’ என்றால் புரிந்துகொள்வார்.

இன்னொன்று, இதில் பேரம் கிடையாது. ‘ஊர்ல இருந்து சொந்தக்காரப் பொண்ணு, 13 வயசு, படிப்பு ஏறல, பிள்ளை பாத்துக்கும்’ என்று யாராவது சொன்னால் ஒரே பதில், வேண்டாம். 14 வயதுக்குட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006-லிருந்தே தடை. பிள்ளையைப் பார்த்துக்க இன்னொரு பிள்ளையை வைப்பது சட்டம் இல்லாவிட்டாலும் தப்புதான். அப்படி எங்காவது பார்த்தால் 1098-க்குப் போன் பண்ணுங்கள்.

முதல் வாரம் நீங்களும் வீட்டில்

விடுப்பு முடிய குறைந்தது பத்து நாள் இருக்கும்போதே அவர் வேலைக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பத்து நாளுக்கும் முழுச் சம்பளம். முதல் மூணு நாள் நீங்கள் செய்வதை அவர் பார்க்கட்டும். அடுத்த மூணு நாள் அவர் செய்வதை நீங்கள் பாருங்கள். பிறகு ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் என்று வெளியே போய் வாருங்கள். ஏழெட்டு மாதக் குழந்தை புது முகத்தைக் கண்டால் அழுகிற பருவம். அது ஆயாவின் குறை இல்லை.

இந்த நாள்களில் சங்கடமான விஷயங்களை எல்லாம் பேசி முடித்துவிடுங்கள். குளிப்பாட்டும்போது மூக்கில், காதில் எண்ணெய் விடக்கூடாது. சளி எடுக்கிறேன் என்று வாய் வைத்து ஊதக்கூடாது. சாம்பிராணிப் புகையில் காட்டக்கூடாது. ஒரு வயசுக்குள் தேன் தொட்டு வைக்கக்கூடாது. உரை மருந்து, கிரைப் வாட்டர், இருமல் மருந்து எதுவானாலும் உங்களைக் கேட்காமல் இல்லை. ‘நாங்கெல்லாம் இப்படித்தான் வளர்த்தோம்’ என்பார்கள். உண்மைதான். வாதாட வேண்டாம். ‘டாக்டர் சொல்லியிருக்காங்க்கா’ என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள். அதற்குத்தானே ஃபீஸ் கட்டுகிறோம்!

எவ்வளவு அழுதாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக்கூடாது என்பதை மட்டும் காரணத்தோடு சொல்லுங்கள். உலுக்கினால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படலாம். பொறுமை போனால் பாப்பாவைத் தொட்டிலில் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு, ரெண்டு நிமிஷம் தள்ளி உட்காரட்டும். உங்களுக்குப் போன் பண்ணட்டும். அதற்காக நீங்கள் கோபப்பட மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவிநாசிக்காரர்களுக்கு முதலை விழுங்கிய பிள்ளையின் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை. சுந்தரர் பாடி, குளத்தில் போன பிள்ளை திரும்பி வந்த ஊர் இது. குளிக்கப் போனது ரெண்டு பிள்ளைகள், வீடு திரும்பியது ஒன்று என்றுதான் அந்தக் கதை ஆரம்பிக்கும். இன்றைக்கு வீட்டுக்குள் இருக்கிற முதலை, பாத்ரூமில் பாதி நிரம்பிய பக்கெட். தவழுகிற குழந்தை தலைகீழாக விழுந்தால் கொஞ்சம் தண்ணீரே போதும். தண்ணி வாரத்தில் சில நாள்தான் வருகிறது என்று அண்டா, டிரம் எல்லாம் நிரப்பி வைக்கிற ஊர் நம்முடையது. அவற்றுக்கு மூடி, பாத்ரூம் கதவுக்கு மேல் தாழ்ப்பாள். இதை ஆயா வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டும். நிலக்கடலை, பட்டன் பேட்டரி, புளியங்கொட்டை எல்லாம் எட்டாத இடத்துக்கு. தொண்டையில் சிக்கினால் குழந்தையைக் கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ, முதுகில் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி நெஞ்செலும்பில் ரெண்டு விரலால் ஐந்து அழுத்தம். மாற்றி மாற்றி. உடனே 108. இதை ஒரு பொம்மையை வைத்து ரெண்டு பேரும் சேர்ந்தே பழகுங்கள்.

கேமரா வைப்பதானால் சொல்லிவிட்டு வையுங்கள். ஹாலில் மட்டும். அவர் படுக்கிற, துணி மாற்றுகிற இடத்தில் கூடாது. நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து லைவ் பார்த்து, ‘ஏன் இன்னும் சோறு ஊட்டல?’ என்று பத்து தடவை போன் செய்கிற வீட்டில் எவரும் நிற்க மாட்டார்.

ஒரு பக்கம் எழுதிக்கங்க

பத்திரம் எல்லாம் வேண்டாம். ஒரு நோட்டுப் பேப்பர் போதும். வருகிற நேரம், போகிற நேரம். நேரமானால் மணிக்கு எவ்வளவு. வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. மாதத்தில் உடம்பு சரியில்லாத லீவு எத்தனை. தீபாவளிக்கு என்ன. சம்பளம் எந்தத் தேதி, கையிலா ஜிபேயிலா. முடிந்தால் வாரச் சம்பளமாகக் கொடுங்கள். அந்தப் பழக்கம்தான் இந்த ஊர்க்காரர்களுக்கு வசதி.

அதைவிட முக்கியம், என்னென்ன வேலை இல்லை என்பது. பாப்பாவின் துணி, பாப்பாவின் சாப்பாடு, அது அவர் வேலை. வீட்டுக்கே சமைப்பதும், விருந்தாளிகளுக்கு டீ போடுவதும், எல்லோருடைய துணியும் அவர் வேலை இல்லை. ‘பாப்பா தூங்கற நேரத்துல’ என்று சேர்க்கிற ஒவ்வொரு வேலையும், பாப்பா மேல் இருக்கிற கண்ணைக் கொஞ்சம் திருப்பும். பாப்பா தூங்குகிற நேரம் அவர் கால் நீட்டுகிற நேரமாகவே இருக்கட்டும்.

மொத்தமாக முன்பணம் கொடுத்து ஆளைப் பிடித்து வைக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அவசரத்துக்குக் கடன் கேட்டால் கொடுங்கள். கடன் இருக்கிறது, அதனால் போகக்கூடாது என்றால் அதற்குப் பெயர் வேறு. 1976-ம் வருடக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதைத்தான் தடை செய்கிறது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2007-ல் நலவாரியம் அமைத்தார்கள். 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து உதவிகளும் 60-க்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. பலருக்கு இது இருப்பதே தெரியாது. ஆன்லைன் பதிவுக்கு போனும் ஒரு மணி நேரமும் தேவை. ரெண்டும் உங்களிடம் இருக்கிறது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள்.

அவங்க பிள்ளை எங்க இருக்கு?

ஆயா இளம் வயதுக்காரர் என்றால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள். உங்கள் பாப்பாவை அவர் தூக்கி வைத்திருக்கிற நேரத்தில் அவருடைய பிள்ளை எங்கே? அங்கன்வாடியில் விட்டிருந்தால் அது மத்தியானத்துக்கு மேல் முடிந்துவிடும். அதற்கப்புறம்? பக்கத்து வீட்டுத் திண்ணையா, பத்து வயது அக்காவின் பொறுப்பா? அந்த நினைப்போடு இருப்பவருக்கு நாலு மணியானால் கை இங்கேயும் மனசு அங்கேயுமாக இருக்கும்.

சில வீடுகளில் ‘நாலு மணிக்கு அப்பறம் உங்க பையனும் இங்கயே வரட்டும்’ என்று ஏற்பாடு செய்கிறார்கள். பையன் ஹாலில் ஹோம்வொர்க் எழுதுவான். பாப்பா அவன் பென்சிலைப் பிடுங்கும். எல்லா வீட்டுக்கும் இது ஒத்துவராது. இடம் வேண்டும், மனசும் வேண்டும். ஒத்துவந்த வீடுகளில் ஆள் மாறுவது குறைவு.

ஒருநாள் அவர் போகத்தான் போகிறார். மகளுக்குப் பிரசவம், ஊரில் வீடு, வேறு வேலை, ஏதோ ஒன்று. ஒரு மாத நோட்டீஸ் ரெண்டு பக்கமும் என்று அந்த நோட்டுப் பேப்பரிலேயே எழுதி வையுங்கள். பாப்பாவிடம் மறைத்துத் திடீரென்று நிறுத்தாதீர்கள். ரெண்டு வயசுக் குழந்தைக்கும் ‘நாளைக்கு அக்கா ஊருக்குப் போறாங்க’ என்று சொன்னால் அதற்கு ஏதோ புரியும். கடைசி நாளில் பாக்கிக் கணக்கைப் பைசா விடாமல் முடித்து, ரெண்டு பேரும் இருக்கிற ஒரு போட்டோ எடுத்து அவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். கொஞ்ச நாளைக்குச் சாயங்கால நேரத்தில் பாப்பா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு வீடியோ கால் போட்டுக் கொடுங்கள்.