ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஓர் எதிரொலிப் பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்கு, பழைய மாணவி ஒருத்தி வாட்ஸப்பில் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட் அனுப்பினாள். "சார், சினைப்பையில் அனெக்கோயிக் சிஸ்ட் என்று போட்டிருக்கிறது. கேன்சரா சார்? டாக்டரை நாளைக்குத்தான் பார்க்க முடியும்" என்று கேட்டிருந்தாள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தச் சொல்லில் பாதியை ஒன்பதாம் வகுப்பில் நானே அவளுக்கு நடத்தியிருக்கிறேன்.

எதிரொலிப் பாடம் ஞாபகம் இருக்கிறதா? சுவர் 17 மீட்டராவது தள்ளி இருந்தால்தான் எதிரொலி தனியாகக் கேட்கும் என்று கணக்குப் போட்டோமே, ஸ்கேன் மெஷின் போடுவதும் அதே கணக்குதான். நம் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. மெஷின் அனுப்பும் ஒலி பல லட்சம் ஹெர்ட்ஸ். உடம்பின் மென்மையான திசுக்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். போய்த் திரும்ப ஆன நேரத்தை வைத்து, எதிரொலி எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

இந்த முறை முதலில் கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடவும், இரும்புக்குள் விரிசல் பார்க்கவும்தான் பெரிதாகப் பயன்பட்டது. அதை மகப்பேறு மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயன் டொனால்ட். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை மருத்துவராக இருந்தவர். ரேடார், சோனார் பற்றியெல்லாம் அங்கேயே அறிந்துகொண்டவர்.

1955 ஜூலையில், ரென்ஃப்ரூ என்ற ஊரில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் பாய்லர் தொழிற்சாலைக்கு அவர் போனார். கார் டிக்கியில் இருந்தவை என்ன தெரியுமா? ஆபரேஷனில் எடுத்த கர்ப்பப்பைக் கட்டிகளும் சினைப்பை நீர்க்கட்டிகளும்! இரும்பில் விரிசல் பார்க்கும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். நீர்க்கட்டியில் ஒலி தடையில்லாமல் உள்ளே போய், அந்தப் பக்கச் சுவரில் பட்டுத்தான் திரும்பியது. நடுவில் ஓர் எதிரொலியும் இல்லை. சதைக்கட்டியிலோ உள்ளிருந்தே எதிரொலிகள் வந்தன. வெட்டிப் பார்க்காமலே நீர் எது, சதை எது என்று பிரித்துவிடலாம் என்று அன்று அவருக்குப் புரிந்தது.

கெல்வின் ஹியூஸ் கம்பெனியில் வேலை பார்த்த டாம் பிரவுன் என்ற இளம் பொறியாளர், ஒரு டாக்டர் இப்படி ஏதோ செய்கிறார் என்று கேள்விப்பட்டு, தானே போன் செய்து டொனால்டைப் போய்ப் பார்த்தார். அப்போது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. உடம்பின் உள்பக்கத்தைப் படமாகக் காட்டும் கருவியை அவர்தான் உருவாக்கினார்.

இந்த முயற்சிகளுக்கு நடுவே ஒரு பெண்மணி வந்தார். வயிறு பெருத்துப் போயிருந்தது. இரைப்பையில் புற்றுநோய், ஆபரேஷனால் பயனில்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஒலிக்கருவி வேறு சேதி சொன்னது: அது பெரிய சினைப்பை நீர்க்கட்டி. எடுத்தார்கள், அந்த அம்மா பிழைத்தார். 1958 ஜூனில் டொனால்ட், ஜான் மக்விக்கர், பிரவுன் மூவரும் லான்செட் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வரும். உறவுகளில் மூத்தவர்களுக்குத் தெரியும். 1963. கட்டிட்ட வயிறு, குச்சியான கை கால். மகோதரம் என்றார்கள். பத்தியம் வைத்தார்கள், மந்திரித்தார்கள். டவுன் டாக்டர் கையால் அழுத்திப் பார்த்து, "இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் இருந்தது இரண்டு கை மட்டும்தான். நாலு மாதத்தில் பெரியம்மா போய்விட்டாள். அது புற்றா, வெறும் நீர்க்கட்டியா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீர்க்கட்டியாக இருந்திருந்தால் என்ற நினைப்பு மட்டும் அறுபது வருஷமாகப் போகவில்லை.

சரி, மாணவியின் சொல்லுக்கு வருவோம். அனெக்கோயிக் என்றால் 'எதிரொலி இல்லாதது'. படத்தில் கறுப்பாகத் தெரியும், பெரும்பாலும் நீர். ஹைப்போஎக்கோயிக் என்றால் சுற்றியுள்ளதைவிடக் குறைந்த எதிரொலி. ஹைபர்எக்கோயிக் என்றால் அதிக எதிரொலி, வெள்ளையாகத் தெரியும். இவை எதுவும் நோயின் பெயர் இல்லை. மெஷினுக்குத் திரும்பி வந்த எதிரொலியின் அளவு, அவ்வளவுதான். அதற்கு என்ன பொருள் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதைத்தான் அவளுக்கு எழுதினேன். மறுநாள் டாக்டரும் சாதாரண நீர்க்கட்டிதான், சில வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றாராம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். வயிறு உப்பிக்கொண்டே போனால் "வாயுதான்" என்று சோம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள். பெரியம்மாவுக்குக் கிடைக்காதது இன்று தாலுகா ஊரிலேயே இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்