முதல் பெருந்துளை ரைபிள்: .375 வாங்குவோர் பார்க்க வேண்டியவை

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் என்பது 1912ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் வெளியிட்ட வேட்டைத் தோட்டாவாகும். எருமை, சிங்கம், யானை போன்ற ஆபத்தான விலங்குகளுக்கென உருவான பெருந்துளைத் தோட்டாக்களில் இன்றும் அதிகம் புழங்குவது இதுவே. சட்டப்படி வேட்டை அனுமதிக்கப்படும் டான்சானியா, சாம்பியா போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375 துளையே குறைந்தபட்ச அளவு. அதனால் இத்துறையில் நுழைபவரின் முதல் பெரிய ரைபிள் பெரும்பாலும் இதுவாகவே அமைகிறது.

இத்தோட்டாவின் பித்தளை உறை நீளமானது; அடியிலிருந்து நுனிவரை மெல்லச் சரிந்து செல்வது. அக்காலத்து கார்டைட் வெடிமருந்து வெப்பநாடுகளில் சூடேறினால் அழுத்தம் கூடி, சுட்ட உறை குழலுக்குள் இறுகிக் கொள்ளும். சரிவான உறை எளிதில் கழன்று வந்தது. உறையின் தோள் மிகச் சாய்வாக இருந்ததால், தோட்டா சரியான இடத்தில் நிற்க அடிப்பகுதியில் ஒரு பட்டை வைக்கப்பட்டது. வழக்கமான 300 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள குண்டு, குழலை விட்டு வெளியேறும்போது வினாடிக்குச் சுமார் 770 மீட்டர் வேகத்தில் செல்லும்.

வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது போல்ட் பொறிமுறையை. மவுசர் 98 வகையிலும் பழைய வின்செஸ்டர் மாடல் 70 வகையிலும் நீண்ட கொக்கி ஒன்று உண்டு. தோட்டா மேகசினிலிருந்து மேலெழும்போதே அதன் விளிம்பை அது பிடித்துக்கொள்ளும். மற்றொரு வகையில் போல்ட் தோட்டாவை முன்னே தள்ள மட்டும் செய்யும். முழுதாக மூடிய பிறகே பிடி கிடைக்கும். இலக்குத் திடலில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பாய்ந்து வரும் எருமையின் முன் பதற்றத்தில் போல்டைப் பாதியில் பின்னிழுத்தால், இரண்டாம் வகையில் முதல் தோட்டா உள்ளேயே கிடக்க, அடுத்தது அதன் முதுகில் போய் முட்டும். ரைபிள் அங்கேயே சிக்கிக்கொள்ளும். கொக்கி வகை விலை கூடுதல்தான். அந்தக் கூடுதலில் சிக்கனம் பார்ப்பது தவறு.

அடுத்தது நீளம். முழுத் தோட்டா 91 மில்லிமீட்டர். இதற்கு நீண்ட மேக்னம் பொறிமுறை தேவை. சாதாரண அளவு மவுசரைக் குடைந்து .375 ஆக்கிய பழைய ரைபிள்கள் மலிவாகக் கிடைக்கும். குடையும்போது போல்டின் பூட்டுக்கு முட்டுக்கொடுக்கும் எஃகு மெலிந்திருக்கலாம் என்பதால், தேர்ந்த துப்பாக்கித் தச்சர் பார்க்காமல் அவற்றை வாங்கக்கூடாது. 2007இல் வந்த .375 ரூகர், சாதாரண நீளத்திலேயே அதே வலிமையைத் தருகிறது. ஆனால் விமானத்தில் தோட்டாப் பெட்டி தொலைந்தால், ஆப்பிரிக்கச் சிற்றூர்க் கடையில் பழைய .375 கிடைக்கும் வாய்ப்பே அதிகம்.

எடை குறைந்த ரைபிள் தூக்கிச் செல்ல இதம். சுடும்போது தோள் அதற்கு விலை கொடுக்கும். இதன் உதை, பரவலாகப் புழங்கும் .30-06 ரைபிளைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. நான்கு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருப்பது நல்லது. கட்டையின் நீளம் சுடுபவரின் கைக்குப் பொருந்த வேண்டும். கட்டை பிளக்காமலிருக்க குறுக்கு ஆணிகள் உள்ளனவா, முன்வார் வளையம் கட்டையில் அல்லாமல் குழலில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். கட்டையில் இருந்தால் உதையின்போது அது முன்கையைக் கிழிக்கும். குறைந்த உருப்பெருக்கமுள்ள ஸ்கோப் போதும். அது பழுதானால் பயன்படுத்த இரும்புக் குறிகளும் இருக்கட்டும்.

உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுப்பவருக்கு எந்த ரைபிளும் உதவாது. நண்பர் ஒருவர் இடையிடையே வெற்றுத் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுத்தால் இந்தக் குறை உடனே வெளிப்படும். சேலம், தருமபுரிப் பக்கக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவராக அறியப்படும் கென்னத் ஆண்டர்சன் பயன்படுத்தியது .405 வின்செஸ்டர், வலிமையில் அது.375க்குக் கீழே. குண்டு எங்கே படுகிறது என்பதே முதல் கணக்கு. தவறிப் பட்டால், காயம்பட்ட எருமையின் சுவட்டைப் பார்த்தபடி புதருக்குள் முன்னே நடப்பவர், பெரும்பாலும் கையில் துப்பாக்கி இல்லாத உள்ளூர்ச் சுவடறிவோர். பணம் கட்டி வந்தவரின் கைப்பிசகுக்கு அந்தத் தொழிலாளி உயிரைப் பணயம் வைக்கிறார். விற்பனைக் கையேடுகளில் இது வருவதில்லை.

மலேசியாவில் எந்தத் துப்பாக்கிக்கும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காவல்துறை உரிமம் கட்டாயம். தீபகற்பத்தில் புலி, யானை, செலாடாங் எனப்படும் காட்டெருமை மூன்றும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பில் உள்ளன. ஆக இங்கே இந்த ரைபிளுக்கு வேட்டை வேலையே இல்லை. யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதிய தியோடர் ஹப்பேக்கே பின்னர் மனம் மாறி, இன்றைய தாமான் நெகாரா உருவாகப் போராடினார் என்பதும் இந்த நாட்டு வரலாறு.

தென்னாப்பிரிக்காவுக்குத் துப்பாக்கியுடன் செல்வோர் அந்நாட்டுக் காவல்துறையின் 520 எண் படிவத்தை நிரப்பித் தற்காலிக அனுமதி பெற வேண்டும். ஒரே ஒரு பயணத்துக்காகச் செல்பவர், வேட்டை ஏற்பாட்டாளரிடம் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தாலும், காட்டுக்குள் போகுமுன் அதே ரைபிளால், அதே தோட்டாவால், இலக்கை நோக்கிச் சில முறை சுட்டுப் பார்த்தாக வேண்டும்.