மவ்த் செய்தி மதியம்தான் வந்தது: செல்போனில் தாமதமாகும் நோட்டிபிகேஷனைச் சரிசெய்வது எப்படி?

திண்டிவனத்தில் நமக்கு நெருக்கமான ஒரு பெரியவர் சென்ற ஆண்டு சுபுஹுக்குச் சற்று முன் வஃபாத்தானார். லுஹருக்குப் பின் ஜனாஸா தொழுகை, உடனே நல்லடக்கம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் காலை ஏழு மணிக்கே போட்டுவிட்டார்கள். நாம் அன்று விழுப்புரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். போன் அலமாரியில் இருந்தது, சைலண்டில் இல்லை. லுஹர் தொழுதுவிட்டு வந்து போனை எடுத்துத் திரையைத் திறந்ததும் காலையிலிருந்து வந்திருக்க வேண்டிய முப்பது செய்திகளும் ஒன்றாகக் கொட்டின. பஸ் ஏறி, நாற்பது கிலோமீட்டர் கடந்து கப்ருஸ்தானுக்குப் போனபோது மண் தள்ளி முடித்து, துஆவும் ஓதி, கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. "ஹஸ்ரத், காலையிலேயே போட்டோமே, பார்க்கலையா?" என்று மகனார் கேட்டார். என்ன பதில் சொல்வது?

நாம் ஓதியது மதரஸாவில். கல்லூரியில் படித்ததும் பி.ஏ.தான். போனைப் பிரித்து வேலை பார்க்கும் வித்தை நமக்குத் தெரியாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டும், நம் போனிலேயே செய்து பார்த்தும் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. இதில் பெரும்பாலும் போன் கெட்டுப்போவதில்லை. பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகப் போன் தானாகவே செய்திகளை நிறுத்தி வைக்கிறது. எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக்கூடாது என்று நாம் சொல்லி வைக்காததுதான் குறை.

முதலில் செய்தி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

செட்டிங்ஸில் கை வைக்கும் முன் வாட்ஸ்அப்பின் டிக் அடையாளத்தைக் கவனிக்க வேண்டும். உங்கள் மகனையோ தம்பியையோ ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். அவர் பக்கம் ஒரே ஒரு சாம்பல் டிக் நின்றால், செய்தி இன்னும் உங்கள் போனுக்கு வந்து சேரவில்லை. நெட் இல்லை, அல்லது போன் வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்திருக்கிறது. இரண்டு டிக் விழுந்தும் உங்களுக்குச் சத்தம் கேட்கவில்லை என்றால், செய்தி வந்துவிட்டது. மணி அடிக்கும் அனுமதிதான் இல்லை. இரண்டும் வேறு வேறு நோய். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது. குரூப் செய்தியில் இரண்டாவது டிக் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழும். ஆகவே அங்கே அனுப்பியவர் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ' பார்த்தால், யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியல் தெரியும்.

இரண்டு டிக் விழுந்தும் சத்தம் வராதவர்கள் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். குரூப்பை எப்போதோ 'மியூட்' செய்திருப்போம். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று வகை அதில் உண்டு. கல்யாண வீட்டுப் போட்டோக்கள் தொல்லை என்று 'எப்போதும்' அழுத்திவிட்டு மறந்தவர்கள் அநேகம். அடுத்து 'ஆர்கைவ்'. முன்பெல்லாம் ஆர்கைவில் போட்ட குரூப்பில் புதுச் செய்தி வந்தால் அது தானாக மேலே வந்துவிடும். 2021க்குப் பிறகு அப்படியில்லை. நாம் எடுக்கும் வரை உள்ளேயே கிடக்கும், சத்தமும் வராது. ஜமாஅத் குரூப் அங்கே கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 13 வந்த 2022 முதல், புதிதாக இறக்கும் ஒவ்வொரு ஆப்பும் நோட்டிபிகேஷன் அனுப்ப நம்மிடம் அனுமதி கேட்க வேண்டும். வீட்டில் பிள்ளைகள் போனை வாங்கி அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்திவிடுகிறார்கள். இரண்டு முறை மறுத்தால் அது மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' போய், அந்த ஆப்பைத் திறந்து, 'நோட்டிபிகேஷன்ஸ்' பகுதியில் நாமே திறந்துவிட வேண்டும்.

ஒற்றை டிக்கில் நிற்பவர்களுக்கு

போனில் ஐம்பது ஆப் இருந்தால் ஐம்பதும் தனித்தனியாக நெட்டில் காத்துக்கொண்டிருப்பதில்லை. கூகுள் ஒரே ஒரு இணைப்பைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த ஆப்புக்குச் செய்தி வந்தாலும் அந்த வழியாகத்தான் வந்து, உரிய ஆப்பைத் தட்டி எழுப்புகிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இல் 'டோஸ்' என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். சார்ஜில் போடாமல், அசையாமல், திரை அணைந்து கொஞ்ச நேரம் கிடந்தால் போன் உறக்கத்துக்குப் போய்விடும். அவசரம் என்று குறியிட்ட செய்தி மட்டும் உடனே நுழையும். மற்றவை, போன் இடையிடையே சிறிது நேரம் கண் விழிக்கும்போதுதான் வரும். நேரம் ஆக ஆக அந்த இடைவெளி நீண்டுகொண்டே போகும். நம் போன் அலமாரியில் கிடந்த நிலை இந்த உறக்கத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது.

வாட்ஸ்அப் செய்திகள் பொதுவாக அவசரக் குறியோடுதான் வரும். அப்படியும் தாமதமாவது ஏன்? ஷாவ்மி, விவோ, ஒப்போ, ரியல்மி, சாம்சங் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஆண்ட்ராய்டுக்கு மேலே தன் பங்குக்கு ஒரு பேட்டரி ஏற்பாட்டை வைத்திருக்கிறது. அதில் சில கடுமையானவை. செட்டிங்ஸ், ஆப்ஸ், வாட்ஸ்அப், பேட்டரி என்று வரிசையாகப் போனால் பெரும்பாலான போன்களில் மூன்று நிலைகள் தெரியும். அதில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷாவ்மி, ரெட்மி போன்களில் இதோடு 'ஆட்டோஸ்டார்ட்' என்ற பொத்தானையும் திறக்க வேண்டும். சாம்சங்கில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்', 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்று இரண்டு பட்டியல்கள் உண்டு. நமக்கு வேண்டிய ஆப் அவற்றில் இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும். மெனுவின் பெயர் போனுக்குப் போன் மாறும். செட்டிங்ஸின் மேலே உள்ள தேடும் கட்டத்தில் 'பேட்டரி' என்று அடித்தால் இடம் கிடைத்துவிடும். கூடவே 'டேட்டா சேவர்' ஓடுகிறதா என்றும் பாருங்கள். அது ஓடினால் திறந்திருக்கும் ஆப்புக்கு மட்டும்தான் நெட் தாராளமாகக் கிடைக்கும்.

எல்லா ஆப்புக்கும் இந்தச் சலுகையைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மக்ரிபுக்குள் பேட்டரி தீர்ந்துவிடும். மூன்று நான்கு ஆப்புகள் போதும்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை, ஓடும் ஆப்புகளை எல்லாம் விரலால் தள்ளி 'க்ளியர்' செய்கிறோம், சார்ஜ் மிச்சமாகுமாம். சில கம்பெனி போன்களில் அப்படித் தள்ளினால் ஆப் முழுமையாக நிறுத்தப்பட்டுவிடும். முழுமையாக நிறுத்திய ஆப்பை நாம் மறுபடி திறக்கும் வரை கூகுளின் இணைப்பாலும் எழுப்ப முடியாது. 'போன் க்ளீனர்' என்று வரும் ஆப்புகளும் இதையேதான் செய்கின்றன. அவை தேவையே இல்லை என்பது நம் கருத்து.

பாங்கு ஆப் விஷயம்

"சுபுஹு பாங்கு பத்து நிமிஷம் கழித்து அடிக்கிறது ஹஸ்ரத்" என்று நம்மிடம் அடிக்கடி சொல்கிறார்கள். பாங்கு ஆப்புக்கு நெட்டிலிருந்து செய்தி வருவதில்லை. நேரத்தைப் போனுக்குள்ளேயே கணக்கிட்டு, அலாரம் போல வைத்துக்கொள்கிறது. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், சொன்ன நிமிடத்தில் அடிப்பதற்கு ஆப்புகளுக்குத் தனி அனுமதி வேண்டும். ஆண்ட்ராய்டு 14இல் புதிதாக இறக்கும் பெரும்பாலான ஆப்புகளுக்கு அந்த அனுமதி தானாகக் கிடைப்பதும் இல்லை. 'ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்' என்ற பகுதிக்குள் 'அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்' என்று இருக்கும்; அங்கே பாங்கு ஆப்பைத் திறந்துவிட வேண்டும். பேட்டரியிலும் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுக்க வேண்டும். சஹருக்கு எழ மட்டும் போனோடு வரும் கடிகார அலாரத்தையே வையுங்கள். உறக்கத்தில் உள்ள போனும் அதற்கு விழித்துக்கொள்ளும்.

ஐபோனில் நிலை வேறு. ஓர் ஆப் முன்கூட்டியே வைத்துக்கொள்ளும் அறிவிப்புகளில் அடுத்து வரவேண்டிய 64ஐ மட்டுமே ஐபோன் ஏற்றுக்கொள்ளும். ஐந்து வக்துக்கு ஒவ்வொன்று என்றால் பன்னிரண்டு நாளுக்குச் சரியாகப் போயிற்று. அதற்குள் ஆப்பைத் திறக்காவிட்டால் பாங்கு நின்றுவிடலாம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு முறை திறந்து மூடுங்கள். அறிவிப்பின் சத்தம் முப்பது விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பதும் ஐபோனின் விதி. அங்கே பாங்கு பாதியில் நிற்பதற்குக் காரணம் இதுதான். 'ஃபோகஸ்' என்பதும், செய்திகளைச் சேர்த்து வைத்துக் குறித்த நேரத்தில் காட்டும் 'ஷெட்யூல்டு சம்மரி' என்பதும் 2021இல் ஐபோனில் வந்தவை. அவற்றையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தாமதத்தை விடக் கவலைப்பட வேண்டியது முந்தி அடிக்கும் பாங்கு. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை அங்கேயே ஆப்பை இறக்கி, ஊரைச் 'சென்னை' என்று வைத்து, போனை ஊருக்கு அனுப்புகிறான். சென்னை நமக்குக் கிழக்கே இருக்கிறது. தீர்க்கரேகையில் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்கு. அதன்படி நோன்புக் காலத்தில் சென்னை மக்ரிபுக்கும் திண்டிவனம் மக்ரிபுக்கும் சுமார் இரண்டரை நிமிடம், விழுப்புரத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் வித்தியாசம். சென்னை நேரத்தை நம்பி இங்கே பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தால் சூரியன் இன்னும் மறைந்திருக்காது. அந்த நோன்பைக் கழாச் செய்ய வேண்டிவரும். ஆப்பில் ஊரின் பெயரைத் திருத்துங்கள். திருத்திய பிறகும் உங்கள் பள்ளிவாசலின் நேர அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். அஸர் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி அடிக்கிறதென்றால் அது போன் கோளாறே அல்ல. ஹனஃபியா ஷாஃபியா என்ற தேர்வு மாறியிருக்கிறது.

மழை எச்சரிக்கை

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை பெருக்கெடுத்தது. அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே தண்ணீரில் மூழ்கியது. கரண்ட் இல்லாத அந்த இரவுகளில் எல்லோரும் செய்த முதல் வேலை, போனைப் 'பேட்டரி சேவரில்' போட்டதுதான். அது நியாயமானதும்கூட. ஆனால் பேட்டரி சேவர் பின்னணியில் ஓடும் ஆப்புகளைக் கட்டிப்போடும் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். முன்பே 'அன்ரெஸ்ட்ரிக்டட்' கொடுத்து வைத்த ஆப்புகளுக்குப் பொதுவாக அந்தக் கட்டு குறைவு. மழைக்காலத்துக்கு முன்பே செய்து வைக்க வேண்டிய வேலை இது.

தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' ஆப்பும், தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' ஆப்பும் மழை எச்சரிக்கையை அனுப்புகின்றன. இவற்றைப் புயல் வந்த வாரம் இறக்கியவர்கள் அதன் பிறகு திறந்திருக்கவே மாட்டார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில மாதங்கள் திறக்காத ஆப்பின் அனுமதிகளைப் போன் தானாகப் பறித்துவிடும். ஆண்ட்ராய்டு 12 முதல் அந்த ஆப்புக்கு வரும் செய்திகளையும் நிறுத்திவிடும். கார்த்திகையில் இறக்கிய ஆப், அடுத்த ஐப்பசியில் மழை வரும்போது உறங்கிக் கிடக்கும். அந்த ஆப்பின் விவரப் பக்கத்தில் 'பயன்படுத்தாவிட்டால் நிறுத்து' என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிடுங்கள்.

இதைவிட உறுதியான வழி 'செல் பிராட்காஸ்ட்'. 2023 அக்டோபர் 20ஆம் தேதி தமிழகமெங்கும் போன்கள் ஒரே நேரத்தில் அலறினவே, அந்தச் சோதனை இதற்காகத்தான். இதற்கு ஆப் வேண்டாம், நெட்டும் வேண்டாம். டவர் வேலை செய்தால் போதும். செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தேடி, எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். அன்று சத்தத்துக்குப் பயந்து அணைத்தவர்கள் இப்போதாவது திறக்கலாம்.

இரவில் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுத் தூங்குபவர்கள் வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் எண்ணையும், ஊரில் வயதான அத்தா அம்மாவின் எண்ணையும் விதிவிலக்கில் சேர்க்க வேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்க விடும் வசதியும் அங்கேயே உண்டு. அது சாதாரண போன் அழைப்புக்கானது. வாட்ஸ்அப் காலுக்கு அதை நம்ப வேண்டாம்.

எல்லாம் செய்த பிறகு, உடனே ஒரு செய்தி அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு "சரியாயிற்று" என்று இருந்துவிடாதீர்கள். விழித்திருக்கும் போனுக்குச் செய்தி எப்போதும் வந்துவிடும். சார்ஜரை எடுத்துவிட்டு, போனை மேசையில் ஒன்றிரண்டு மணி நேரம் தொடாமல் வைத்து, அதன் பிறகு அனுப்பச் சொல்லுங்கள். நாம் அப்படித்தான் சோதித்தோம். முதல் நாள் வரவில்லை. ஆட்டோஸ்டார்ட்டைத் திறக்க மறந்திருந்தோம். போனில் பெரிய அப்டேட் வந்தால் இந்த அமைப்புகள் பழையபடி மாறிவிடுவதும் உண்டு என்பதால் அப்போது மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

திண்டிவனத்தில் அந்த மகனாரிடம் பிறகு பேசியபோது ஒன்று கேட்டுக்கொண்டோம். மவ்த் செய்தியைக் குரூப்பில் போடுங்கள், பள்ளிவாசல் மைக்கிலும் சொல்லுங்கள்; வெளியூரிலிருந்து வர வேண்டியவர்களுக்கு மட்டும் யாராவது ஒருவர் உட்கார்ந்து போன் செய்துவிடட்டும். இப்போது அங்கே இரண்டு இளைஞர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். பத்து எண்கள் எழுதிய அட்டை ஒன்று பள்ளிவாசல் அலுவலகச் சுவரில் தொங்குகிறது.