சம்பளமும் முன்பண மானியமும்: கேரளம், 1957

திருவனந்தபுரத்துக் கரமனையின் தமிழ்க் குடும்பங்களிலும் அவற்றைச் சூழ்ந்த மலையாளக் குடும்பங்களிலும் அரசூழியரின் மாத வருவாய்க்குச் 'சம்பளம்' என்பதே பொதுச்சொல். ஆயின் அச்சம்பளத்தை வழங்குதற்குரிய சட்ட அனுமதியைக் குறிக்கும் சொல்லில் அத்தகைய தெளிவு இல்லை.

1957 ஏப்ரல் 1 அன்று நிதியாண்டு தொடங்கியபோது கேரளம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாட்டின் அமைச்சரவை ஏப்ரல் 5 அன்று பதவியேற்றது, சி. அச்சுத மேனன் ஜூன் 7 அன்றே முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். அரசியலமைப்பின் 266(3)ஆம் உறுப்பின்படி, சட்டத்தின் அனுமதியின்றித் திரள்நிதியிலிருந்து பணம் எடுத்தல் இயலாது. சட்டமன்றத்தின் அதிகாரம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடாளுமன்றத்திடம் இருந்தமையின், அவ்வனுமதி தில்லியிலிருந்தே வரவேண்டியதாயிற்று.

விரிவான விவாதம் முடியும்வரை ஆண்டின் ஒரு பகுதிக்கு மட்டும் முன்கூட்டி மானியம் அளிக்க 206ஆம் உறுப்பு வழிசெய்கிறது. தமிழில் இது 'முன்பண மானியம்' எனப்படும். 'இடைக்கால வரவுசெலவுத் திட்டம்' எனப் பெயர்ப்பாரும் உளர். பின்னது மதிப்பீட்டறிக்கை, முன்னது செலவிடும் அதிகாரம். தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரி 23 அன்று இடைக்காலத் திட்டமும் ஆகஸ்ட் 13 அன்று திருத்திய திட்டமும் அளிக்கப்பெற்றன. இடைப்பட்ட மாதங்களின் சம்பளத்துக்கு அடிப்படையாய் அமைந்தது அறிக்கையன்று. அவை அளித்த முன்பண மானியமே. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் மொழிபெயர்ப்பில், ஊழியரின் சம்பளம் எதனால் உறுதிப்படுகிறது என்பதே மறைந்துவிடுகிறது.