களனிக் குறும்பாதையும் மாதிரி எஞ்சினும்

புத்தளக் கரையோரத்து ஆலங்குடாவை இருப்புப்பாதை எட்டியதில்லை. 1926இல் புத்தளம் வரை வந்ததும் 5 அடி 6 அங்குல அகலப்பாதையே. ஈழத்தில் குறும்பாதையை அறிய விழைவோர் களனிப் பள்ளத்தாக்கின் வரலாற்றையே நாடவேண்டும். 1902இல் அவிசாவளையை அடைந்த அப்பாதை 1912இல் இரத்தினபுரிக்கும், 1919இல் ஓப்பநாயக்கவுக்கும் நீண்டது. தேயிலையும் இறப்பரும் அதன்வழியே கொழும்பு சேர்ந்தன. தண்டவாள இடைவெளி 2 அடி 6 அங்குலம், அதாவது 762 மி.மீ. மலைச்சரிவின் கூரிய வளைவுகளுக்கும் குறைந்த செலவுக்கும் இச்சிற்றளவே இடந்தந்தது.

அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1970களில் மூடப்பட்டது. எஞ்சியதும் 1990களில் அகலப்பாதையாயிற்று. காட்சிக்கு நிற்கும் எஞ்சின்கள் சில உள. ஆயின் வளைவிலே தொடர் திரும்பிய விதத்தை அவை காட்டமாட்டா.

அதனைக் காட்டவல்லது மாதிரியே. 87இல் ஒரு பங்காகச் சுருக்கின் 762 மி.மீ. ஏறத்தாழ 8.8 மி.மீ. ஆகும். இன்னுஞ் சிறிய மாதிரிகளுக்கென 1960களில் ஜெர்மனியிற் பரவிய 9 மி.மீ. தண்டவாளம் இதற்குப் பெரிதும் பொருந்தும். எனவே அச்சிறு மாதிரியின் ஆயத்தச் சில்லுச்சட்டத்தின் மேல் பித்தளைத் தகட்டு உடலைப் பற்றவைத்துக் குறும்பாதை எஞ்சினை அமைப்பது மேனாட்டு ஆர்வலர் வழக்கம். சரக்குப் பெட்டி இதனினும் எளிது.

உடலுக்கோ அளவு வேண்டும், நிழற்படம் போதாது. சில்லின் விட்டமும் கொதிகலனின் உயரமும் பிழைப்பின் விளைவது பொம்மையே. நிற்கும் எஞ்சின்களைத் துரு தின்னுமுன் அளவுநாடாக் கொண்டு அளத்தல் இன்றும் இயலும்.